அரிசியைக் குறைத்த தட்டில் புரதம் எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு?

கேள்வி: எனக்கு 46 வயது, உயரம் 158 செ.மீ. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 6.1 என்று வந்ததால் சோறு, இட்லி, தோசையை நிறுத்திவிட்டு மாவுச்சத்து குறைந்த உணவுக்கு மாறினேன். காலையில் வெண்ணெய் போட்ட தேநீர், ஐம்பது பாதாம். மதியம் நெய்யில் வதக்கிய காய்கறி, ஒரு முட்டை. மாலையில் தேங்காய்ச் சில். இரவு இரண்டு சப்பாத்தி, கொஞ்சம் பனீர். 77 கிலோவிலிருந்து 72-க்கு இறங்கிய எடை அதன்பிறகு அசையவே இல்லை. முடி கொட்டுகிறது, மலச்சிக்கல், படியேறினால் கால் சோர்கிறது. கெட்ட கொழுப்பு எனப்படும் எல்டிஎல் 112-லிருந்து 158 ஆகியிருக்கிறது. கைப்பேசிச் செயலி புரதம் 20, கொழுப்பு 60, மாவுச்சத்து 20 சதவீதம் என்று சொல்கிறது. இந்த விகிதம் சரிதானா? புரட்டாசியில் எங்கள் வீட்டில் முட்டைகூடக் கிடையாது. அந்த மாதத்தை எப்படிச் சமாளிப்பது?

பதில்:

விகிதம் சரியா என்று பார்ப்பதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த விகிதத்தில் நீங்கள் சாப்பிடவே இல்லை. நீங்கள் எழுதிய உணவை அப்படியே கூட்டிப் பாருங்கள். ஐம்பது பாதாம் ஏறக்குறைய 60 கிராம் எடை இருக்கும். அதில் புரதம் 12 கிராம், கொழுப்பு 30 கிராம். முட்டையில் புரதம் 6, ஐம்பது கிராம் பனீரில் 9, இரண்டு சப்பாத்தியில் 6, காய்கறியிலும் தேங்காயிலுமாக ஓர் ஏழு. மொத்தம் 40 கிராம் புரதம். கொழுப்போ வெண்ணெய், நெய், தேங்காய், பாதாம், பனீர் எல்லாம் சேர்ந்து நூறு கிராமைத் தாண்டுகிறது. கலோரிக் கணக்கில் மாற்றினால் புரதம் 11 சதவீதம், கொழுப்பு 66, மாவுச்சத்து 23. செயலி கேட்டதில் பாதியளவு புரதம்தான் உங்கள் தட்டில் இருக்கிறது. நீங்கள் சொன்ன தொல்லைகளில் பாதிக்கு மேல் இதிலிருந்து வந்திருக்கலாம்.

இது உங்களுக்கு மட்டும் நேர்வதில்லை. அரிசியைக் குறைக்கும் தமிழ் வீடுகளில் பெரும்பாலும் இதுதான் நடக்கிறது. காரணம் எளிமையானது. சோற்றை நாம் மாவுச்சத்தாக மட்டுமே பார்க்கிறோம். நூறு கிராம் அரிசியில் ஏழெட்டு கிராம் புரதமும் இருக்கிறது. நாளொன்றுக்கு முந்நூறு கிராம் அரிசி உள்ளே போய்க்கொண்டிருந்த உடம்புக்கு, அதிலிருந்தே இருபது கிராமுக்கு மேல் புரதம் கிடைத்துவந்தது. சோறு போனதும் அதைப் பிசைந்து சாப்பிட்ட சாம்பாரும் தயிரும் சேர்ந்து போய்விடுகின்றன. அந்தக் காலி இடத்தை எதைக் கொண்டு நிரப்புவது என்று வரும்போது கைக்கு எளிதாக அகப்படுவது கொழுப்பு: ஒரு கரண்டி நெய், ஒரு கைப்பிடி கொட்டை, ஒரு துண்டு தேங்காய். வயிறு அடங்கிவிடுகிறது, மாவுச்சத்தும் குறைந்துவிடுகிறது, எல்லாம் சரியாக நடப்பதாகத் தோன்றுகிறது. பாதாமைப் புரத உணவு என்று எண்ணுகிறவர்கள் ஏராளம். அதன் கலோரியில் முக்கால் பங்கு கொழுப்பிலிருந்து வருகிறது. நல்ல கொழுப்புதான், ஆனாலும் அது கொழுப்பு.

அடுத்தது சதவீதம் என்னும் பொறி. புரதம் 20 சதவீதம் என்றால் நிறைவாகக் காதில் விழுகிறது. 1200 கலோரி சாப்பிடுகிறவருக்கு அது 60 கிராம். 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு வெறும் 15 சதவீதமே 75 கிராம் ஆகிவிடும். ஆக, சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே போகிறவருக்குச் சதவீதம் உயர்ந்தாலும் உடம்புக்குள் போகும் புரதம் குறையலாம். தசைக்கும் முடிக்கும் சதவீதம் தெரியாது, கிராம்தான் தெரியும். அதனால் என்னிடம் விகிதம் கேட்கிறவர்களுக்கு நான் விகிதம் சொல்வதில்லை, வரிசை சொல்கிறேன். முதலில் புரதத்தை இத்தனை கிராம் என்று நிர்ணயித்துக்கொள்ளுங்கள். பிறகு மாவுச்சத்துக்கு ஓர் உச்சவரம்பு வையுங்கள். மிச்சக் கலோரி கொழுப்புக்கு. விகிதம் கடைசியில் தானாக வந்து விழும்.

புரதத்திலிருந்து தொடங்குவோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றம் ஆரோக்கியமான பெரியவர்களுக்குச் சொல்வது உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம். எடை மாறாமல் சீராக இருக்கிறவருக்கான அளவு அது. எடையைக் குறைக்கும்போது தேவை கூடுகிறது, ஏனென்றால் இறங்கும் எடை முழுவதும் கொழுப்பாக இருப்பதில்லை. கவனிக்காமல் விட்டால் அதில் கால் பங்குவரை தசை முதலான கொழுப்பல்லாத பகுதியாகவே போய்விடும். நாற்பதைத் தாண்டிய பெண்ணுக்கு, மாதவிடாய் நிற்கும் காலம் நெருங்கும் வேளையில், போன தசையைத் திரும்பக் கட்டுவது பெரிய வேலை. உண்ட சர்க்கரையை வாங்கிச் சேமித்து வைக்கும் பெரிய கிடங்கும் தசைதான் என்பதால், தசையை இழந்து சர்க்கரையைக் குறைக்க முயல்வது வீண்பாடு. இந்த நிலையில் இருக்கிறவர்களுக்கு, அடைய நினைக்கும் எடையில் கிலோவுக்கு 1.2 கிராம் முதல் 1.5 வரை வைப்பது வழக்கம். உங்கள் இலக்கு 60 கிலோ என்று கொண்டால் நாளொன்றுக்கு 72 முதல் 90 கிராம். 75-ல் நிறுத்திக்கொள்ளலாம். இதை மூன்று வேளைக்கும் பிரித்துச் சாப்பிடுங்கள். நம் வீடுகளில் காலையில் ஐந்து கிராமும் மதியம் முப்பதுமாகத்தான் புரதம் இறங்குகிறது. காலை உணவில் இருபது கிராம் இருந்தால் பதினோரு மணிப் பசி எழாது. இதைச் செய்து பார்த்தவர்கள் எல்லோரும் சொல்வது இதைத்தான்.

புரதத்துக்கு இன்னொரு குணமும் உண்டு. அதைச் செரிக்கவே உடம்பு அதன் கலோரியில் 20 முதல் 30 சதவீதத்தைச் செலவிடுகிறது. மாவுச்சத்துக்கு இந்தச் செலவு 5 முதல் 10, கொழுப்புக்கு 3-க்குள். பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை, ஆனாலும் சாதகமான கணக்கு.

"புரதம் அதிகமானால் அதுவே சர்க்கரையாக மாறிவிடுமாமே?" என்று, மாவுச்சத்தை ஏறக்குறைய அடியோடு விடும் கீட்டோக்காரர்கள் கிளப்பிவிட்ட பயம் ஒன்று இருக்கிறது. கல்லீரல் புரதத்திலிருந்து சர்க்கரை தயாரிப்பது உண்மை. ஆனால் அது தேவையைப் பார்த்துத் தயாரிக்கிறது, கையில் கிடைத்ததையெல்லாம் மாற்றித் தள்ளுவதில்லை. இன்சுலின் ஓரளவாவது சுரக்கிறவர்களுக்கு முட்டையோ மீனோ சாப்பிட்டபின் சர்க்கரை அவ்வளவாக ஏறுவதில்லை. எதிர்ப்பக்கத்திலும் ஓர் எல்லை உண்டு. கொழுப்பும் இல்லாமல் மாவும் இல்லாமல் புரதத்தை மட்டுமே தின்று உயிர்வாழ முடியாது. வட துருவப் பகுதிகளில் மெலிந்த முயல் இறைச்சி மட்டும் கிடைத்த காலங்களில், வயிறு நிறையச் சாப்பிட்டும் வாந்தியும் பேதியுமாக மனிதர்கள் நலிந்துபோனதைப் பயணிகள் எழுதி வைத்திருக்கிறார்கள். அதற்கு 'முயல் பட்டினி' என்றே பெயர் வந்துவிட்டது. நம்மில் யாரும் அந்த எல்லைக்கு அருகில்கூட இல்லை. நாம் நிற்பது நேர் எதிர்க் கோடியில்.

சிறுநீரகத்தைப் பற்றி மட்டும் அலட்சியம் கூடாது. ஆரோக்கியமான சிறுநீரகத்துக்கு நான் சொன்ன அளவு சுமையில்லை. ஏற்கெனவே பாதிக்கப்பட்ட சிறுநீரகத்துக்குக் கணக்கே வேறு. அங்கே புரதத்தைக் குறைக்கச் சொல்வார்கள். உங்களுக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் இருப்பதால், தொடங்கும் முன் கிரியாட்டினினும் சிறுநீரில் ஆல்புமினும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

இனி எதிலிருந்து எடுப்பது என்பது. மீன், முட்டை, கோழி சாப்பிடுகிறவருக்கு இது எளிது. வேகவைத்த மீன் அல்லது கோழி நூறு கிராமில் 22 முதல் 30 கிராம் புரதம் கிடைத்துவிடும், கூடவே மாவுச்சத்து வராது. சைவத்தில்தான் சிக்கல். "பருப்பு சாப்பிடுகிறேனே" என்பார்கள். துவரம்பருப்பு நூறு கிராமில் புரதம் 22 கிராம், மாவுச்சத்து 55 கிராம். பருப்பிலிருந்து மட்டுமே 70 கிராம் புரதம் எடுப்பதென்றால் 320 கிராம் பருப்பு வேண்டும். அதோடு 175 கிராம் மாவுச்சத்து வந்து உட்கார்ந்துகொள்ளும். அதற்குச் சோற்றை விட்டிருக்கவே வேண்டாம். ஒரு ஆள் பங்குச் சாம்பாரில் இருபது கிராம் பருப்பு இருந்தாலே அது கெட்டியான சாம்பார். அதில் புரதம் நான்கு கிராமுக்குச் சற்று மேல். ஓட்டல் சாம்பாரைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. பருப்பு நல்ல உணவு, நார்ச்சத்தும் தருகிறது. ஆனால் மாவுச்சத்து குறைந்த சாப்பாட்டில் அது பாதிப் புரதம், பாதி தானியம். இரண்டு கணக்கிலும் எழுத வேண்டிய பொருள்.

மாவுச்சத்தை எதுவரை குறைப்பது என்பதுதான் அதிகம் சண்டை நடக்கும் இடம். நாளொன்றுக்கு 130 கிராமுக்குக் கீழே போனால் 'மாவுச்சத்து குறைந்த உணவு' என்று பொதுவாகச் சொல்கிறார்கள். 20 முதல் 50 கிராமுக்குள் இறங்கினால் அது கீட்டோ. சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கும் ஒருவர் அவ்வளவு இறங்க வேண்டுமா? என் கருத்து, வேண்டியதில்லை. அதே இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றம் (ஐசிஎம்ஆர்) சர்க்கரை நோயைப் பற்றி இந்தியா முழுவதும் நடத்திய ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வின்படி நம் மக்களின் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது, புரதம் 12 சதவீதம்தான். அதே ஆய்வுக் குழு 2022-இல் 18,090 பேரின் உணவுத் தரவை வைத்து ஒரு கணக்கு வெளியிட்டது. புதிதாகக் கண்டறியப்பட்ட சர்க்கரை நோய் தணிவதற்கு அது பரிந்துரைத்தது மாவுச்சத்து 49 முதல் 54 சதவீதம், புரதம் 19 முதல் 20, கொழுப்பு 21 முதல் 26. ஆட்களுக்கு உணவு கொடுத்துச் சோதித்த ஆய்வு அல்ல இது, தரவிலிருந்து கணக்கிட்ட மாதிரி. ஆனாலும் அது காட்டும் திசையைக் கவனியுங்கள். மாவுச்சத்தில் பத்துப் பன்னிரண்டு சதவீதத்தை எடுத்து ஏறக்குறைய முழுவதையும் புரதத்தில் போடச் சொல்கிறது. கொழுப்பில் போடச் சொல்லவில்லை. நீங்கள் செய்திருப்பது இதற்கு நேர்மாறு.

அதற்காக 50 சதவீதத்தில்தான் நிற்க வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. எடையும் குறைய வேண்டும் என்பதால் உங்களுக்கு 120 முதல் 130 கிராம் சரியாக இருக்கும். அதற்குள் ஒரு வேளைச் சோறும் இரண்டு இட்லியும் அடங்கும். கொண்டாட்ட வீட்டில் ஒளிந்து நிற்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் 609 பேரை இரண்டு அணிகளாகப் பிரித்து, ஓர் அணிக்கு மாவுச்சத்தையும் மற்றதற்குக் கொழுப்பையும் குறைத்து ஓராண்டு பின்தொடர்ந்தார்கள். 2018-இல் முடிவு வந்தது. சராசரியாக ஓர் அணி 6 கிலோ, மற்றது 5.3 கிலோ. பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் ஒவ்வோர் அணிக்குள்ளும் ஏறக்குறைய முப்பது கிலோ இறங்கியவரும் உண்டு, பத்துக் கிலோ ஏறியவரும் உண்டு. இரண்டு அணிக்கும் பொதுவாகச் சொல்லப்பட்டது காய்கறியைக் கூட்டு, சர்க்கரையையும் மைதாவையும் விடு என்பது. இதைப் படித்தபின் எந்த எண்ணுக்காகவும் யாரோடும் நான் வாதாடுவதில்லை. உங்களால் இரண்டு வருடம் தொடர முடிகிற எண்தான் உங்கள் எண்.

சப்பாத்தியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. சர்க்கரை என்று தெரிந்த மறுநாள் இரவே சப்பாத்திக்கு மாறுவது தமிழ்நாட்டில் ஒரு சடங்காகிவிட்டது. ஒரு சப்பாத்திக்கு முப்பது கிராம் மாவு என்றால் அதில் இருபது கிராம் மாவுச்சத்து. மூன்று சப்பாத்தி அறுபது கிராம். இரண்டு கிண்ணம் சோற்றிலும் ஏறக்குறைய அவ்வளவுதான் இருக்கும். சப்பாத்தியால் நன்மை ஒன்று உண்டென்றால் அதை எண்ண முடியும், சோற்றை எண்ண முடியாது. சிறுதானியமும் இதே கதைதான். அரிசியில் நூறு கிராமுக்கு 78 என்றால் கேழ்வரகில் 67, தினை, சாமை, வரகில் 60 முதல் 67. நார்ச்சத்து கூடுதல், சத்து கூடுதல், சுவையும் எனக்குப் பிடிக்கும். ஆனால் வரகரிசிச் சோற்றைத் தட்டு நிறையப் போட்டுக்கொண்டு மாவுச்சத்தைக் குறைத்துவிட்டதாக நினைப்பது வீண் ஆறுதல். உருளை, மரவள்ளி, சேனை, சர்க்கரைவள்ளி ஆகியவற்றைக் காய்கறிக் கணக்கில் சேர்க்காதீர்கள். அவை சோற்றுக் கணக்கு. கீரை, கத்தரி, வெண்டை, அவரை, கொத்தவரை, வாழைப்பூ, வாழைத்தண்டு, சுரை, புடலை, முட்டைக்கோஸ் ஆகியவற்றை எண்ணவே வேண்டாம், தாராளமாகச் சாப்பிடுங்கள்.

கொழுப்பில் உங்களுக்கு உடனடியாக மாற்றம் வேண்டும். மொத்தக் கொழுப்பைவிட, அதில் வெண்ணெய், நெய், தேங்காயில் மிகுந்திருக்கும் நிறைகொழுப்பு எவ்வளவு என்பதுதான் எல்டிஎல்லைத் தள்ளுகிறது. 1500 கலோரி சாப்பிடுகிறவருக்கு நிறைகொழுப்பு 16, 17 கிராமைத் தாண்டாமல் இருப்பது நல்லது. ஐம்பது கிராம் தேங்காயிலேயே 15 கிராம் இருக்கிறது. தேநீரில் போட்ட வெண்ணெயில் 13, இரண்டு மேசைக்கரண்டி நெய்யில் 15, பனீரில் 7. மொத்தம் ஐம்பதைத் தொட்டுவிட்டது, அதாவது மூன்று மடங்கு. மாவுச்சத்தைக் குறைத்தால் நிறைகொழுப்பு ஒன்றும் செய்யாது என்று, தானியத்தை விட்டு இறைச்சி, முட்டை, கொட்டை என்று சாப்பிடும் பேலியோ வட்டாரங்களில் அடித்துச் சொல்வார்கள். டிரைகிளிசரைடு என்னும் ரத்தக் கொழுப்பு இறங்குவதும் நல்ல கொழுப்பு எனப்படும் எச்டிஎல் ஏறுவதும் உண்மை. அதற்காக ஏறிய எல்டிஎல்லைக் கண்டுகொள்ளாமல் விடுவதற்கு என் மனம் ஒப்பவில்லை. எடை வேகமாக இறங்கும் நாட்களில் எல்டிஎல் தற்காலிகமாகக் கூடுவதும் உண்டு. அதனால் பீதி வேண்டாம். வெண்ணெய்த் தேநீரை நிறுத்துங்கள். அது உணவு அல்ல, திரவக் கலோரி. நெய் ஒரு தேக்கரண்டி போதும். தேங்காயைச் சில்லாகக் கடிக்காமல் பொரியலில் தூவுங்கள். சமையலுக்கு நல்லெண்ணெய், கடலை எண்ணெய் என்று மாற்றி மாற்றி நாளொன்றுக்கு ஐந்து தேக்கரண்டி. பாதாம் இருபது. வாரம் இரண்டு முறை மத்தியோ கானாங்கெளுத்தியோ கிடைத்தால் வாங்குங்கள். விலை உயர்ந்த இறக்குமதி மீனுக்கு ஆசைப்பட வேண்டியதில்லை, ஒமேகா 3 கொழுப்பு மத்தியில் தாராளமாகவே இருக்கிறது.

இதையெல்லாம் ஒரு நாளாக்கினால் இப்படி வரும். காலையில் சர்க்கரை போடாத காபி, நூறு மில்லி பாலோடு. பிறகு இரண்டு முட்டை ஆம்லெட், இரண்டு இட்லி, சாம்பார். மதியம் 120 கிராம் சோறு, அதாவது ஒரு சின்னக் கிண்ணம். மீன் குழம்பில் 120 கிராம் அளவுக்குத் துண்டுகள், இரண்டு கிண்ணம் கீரையும் பொரியலும், 150 கிராம் தயிர். மாலையில் அந்த இருபது பாதாம். இரவு ஐம்பது கிராம் பச்சைப்பயற்றை ஊறவைத்து அரைத்த தோசை, சுரைக்காய்க் கூட்டு. கூட்டிப் பார்த்தால் மாவுச்சத்து 125 கிராம், புரதம் 77, கொழுப்பு 70, கலோரி 1450-க்குப் பக்கம். சதவீதம் தெரிந்தே ஆக வேண்டும் என்றால் முறையே 35, 21, 44. மீன் கிடைக்காத நாளில் கோழி நூறு கிராம். அதுவும் இல்லையென்றால் மதியம் மீல் மேக்கர் (சோயா உருண்டை) பிரட்டலும் கூடுதலாக ஒரு முட்டையும். ஒரு வாரம் மட்டும் சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். பிறகு கண்ணே பழகிவிடும். ஆயுள் முழுக்கச் செயலியில் பதிவிட்டுக்கொண்டிருப்பது யாருக்கும் நல்லதாக நான் பார்த்ததில்லை.

எடை நின்றுவிட்டது என்பதைப் பற்றி: முதலில் இறங்கிய ஐந்து கிலோவில் ஒரு பகுதி தண்ணீர். உடம்பு சர்க்கரையைக் கிளைகோஜன் என்னும் வடிவில் சேமித்து வைக்கிறது. அதில் ஒரு கிராம் ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. மாவுச்சத்து குறைந்ததும் இரண்டும் சேர்ந்து வெளியேறும். இன்சுலின் தணிவதால் சிறுநீரகமும் கூடுதலாக உப்பை வெளியே விடும். தொடக்க நாட்களில் வரும் தலைவலிக்கும் கால் இழுப்புக்கும் இதுதான் பெரும்பாலும் காரணம். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்காதவராக இருந்தால் உப்புப் போட்ட ரசமும் மோரும் போதும். மலச்சிக்கலுக்கு மருந்துக் கடையில் தூள் தேடும் முன் உங்கள் தட்டில் கீரையும் பயறும் எத்தனை நாளாக இல்லை என்று பாருங்கள். நாளொன்றுக்கு 25 முதல் 30 கிராம் நார்ச்சத்து வேண்டும். நெய்யில் வதக்கிய ஒரு கிண்ணம் குடைமிளகாயில் அது வராது.

முடி கொட்டுவதையும் கால் சோர்வதையும் மட்டும் உணவின் மேல் முழுப் பழியாகப் போட்டுவிட வேண்டாம். கலோரியும் புரதமும் திடீரென்று குறைந்தால் இரண்டு மூன்று மாதம் கழித்து முடி உதிர்வது வழக்கம்தான், பிறகு வளர்ந்துவிடும். ஆனால் சோர்வு, மலச்சிக்கல், முடி உதிர்தல், ஏறிய எல்டிஎல், அசையாத எடை இவை ஐந்தும் ஒன்றாக உங்கள் வயதுப் பெண்ணிடம் வந்தால் தைராய்டைப் பார்க்காமல் விடக்கூடாது. டிஎஸ்எச் பரிசோதனை ஒன்று, ஹீமோகுளோபின், இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின். இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியே உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். உங்கள் 6.1-க்கும் அதில் பங்கு இருக்கலாம். வெறும் வயிற்றுச் சர்க்கரையையும் உணவுக்குப் பிந்தைய சர்க்கரையையும் சேர்த்துப் பார்த்தால்தான் தெளிவாகும்.

நீங்கள் மாத்திரை எதுவும் எடுப்பதாகச் சொல்லவில்லை. இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. இன்சுலின் போடுகிறவர்களும் கிளிமெபிரைடு, கிளிக்லசைடு போன்ற மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரிடம் சொல்லாமல் சோற்றைக் குறைத்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் எடுப்பவர்கள் மாவுச்சத்தை மிகவும் குறைத்தால் சர்க்கரை அளவு அதிகம் ஏறாமலேயே ரத்தம் அமிலமாகும் நிலை வரலாம். வாந்தியும் மூச்சிரைப்பும் வந்தால் சர்க்கரை சரியாகத்தானே இருக்கிறது என்று வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது. கருவுற்றவர்களும் பால் கொடுப்பவர்களும் இந்த உணவு மாற்றத்தில் இறங்க வேண்டாம்.

கடைசியாகப் புரட்டாசி. மீனும் முட்டையும் போய்விட்டால் நாளொன்றுக்கு நாற்பது கிராம் புரதம் குறையும். அதை நிரப்பும் முதல் ஆள் மீல் மேக்கர்தான். உலர்ந்த நிலையில் ஐம்பது கிராம் எடுத்தால் 26 கிராம் புரதம், மாவுச்சத்து 17-க்குள். கொதிநீரில் ஊறவைத்து இரண்டு முறை அலசிப் பிழிந்துவிட்டால் அந்த வாடை போய்விடும். பிறகு மிளகு சீரகம் போட்டு வறுத்தால் வீட்டில் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். அதோடு 75 கிராம் பனீர், நாள் முழுவதும் சேர்த்து 300 கிராம் தயிர். தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு வடித்தால் அளவு சுருங்கிப் புரதம் அடர்த்தியாகும், காலையில் அடைக்குத் தொட்டுக்கொள்ளலாம். அந்த மாதம் சோற்றைப் பாதியாக்கிக்கொள்ளுங்கள், ஏனென்றால் பயறும் பருப்பும் தம் பங்குக்கு மாவுச்சத்தைக் கொண்டுவரும். நவராத்திரியும் பெரும்பாலும் அதே சமயத்தில் வருவதால் ஒன்பது நாளும் சுண்டல் கிடைக்கும். ஐம்பது கிராம் கடலையில் செய்த சுண்டல் பத்து கிராம் புரதம் தரும். அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து வரும் சர்க்கரைப் பொங்கலுக்கு மட்டும் ஒரு கரண்டி என்று எல்லை வைத்துக்கொள்ளுங்கள். பரிசோதனையில் தைராய்டுக் குறைபாடு தெரிந்து மாத்திரை தொடங்கும்படி ஆனால், காலையில் வெறும் வயிற்றில் அதைப் போட்டு நான்கு மணி நேரம் கழிந்த பிறகே மீல் மேக்கர் சாப்பிடுங்கள். சோயா அந்த மருந்தை உடம்பு ஏற்றுக்கொள்ளவிடாமல் தடுக்கும்.